இலங்கையைக் காணாமலே இலங்கையை வைத்துப் பொருளியல் கற்பித்தவர்

1833ஆம் ஆண்டு லண்டனில் ஒரு சிறிய கதைப் புத்தகம் வெளிவந்தது. அதன் பெயர் கறுவாவும் முத்துக்களும். கதை நடக்கும் இடம் இலங்கை. ராயோ, மரானா என்ற இளம் சோடியைச் சுற்றிக் கதை நகர்கிறது. முத்தும் கறுவாவும் கிடைக்கிற ஒரு நாட்டில், அவற்றைத் தம் கையால் எடுத்துக் கொடுக்கும் மக்கள் ஏன் வறியவர்களாக இருக்கிறார்கள் என்பதே கதையின் கேள்வி. ஆட்சியாளர்கள் அந்த இரண்டையும் தமது ஏகபோகமாக வைத்திருப்பதே காரணம் என்பது கதை தரும் பதில்.

எழுதியவர் ஹரியட் மார்ட்டினோ. அப்போது அவருக்கு வயது 31. இலங்கையை அவர் ஒருநாளும் கண்டதில்லை. வாசித்தவற்றையும் பிறர் சொன்னவற்றையும் வைத்தே எழுதினார். மரானா என்ற பெயரைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டியிருந்தால், அது எந்தச் சொல்லை நினைவூட்டுகிறது என்று அவர் உடனே சொல்லியிருப்பார். ஆனாலும் பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கதையை வாசித்தனர். பொருளியல் என்ற பாடத்தை அவர்கள் கற்றுக்கொண்டது இப்படியான கதைகளில் இருந்துதான்.

2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியபோது நாங்களும் அப்படித்தான் பொருளியல் படிக்கத் தொடங்கினோம். எரிபொருள் வரிசையில் நின்றபடி கைபேசியில் காணொளிகளைப் பார்த்தோம். பணவீக்கம், கடன் மறுசீரமைப்பு, அந்நியச் செலாவணி ஒதுக்கு என்ற சொற்கள் தேநீர்க்கடைப் பேச்சுக்கு வந்தன. ஊடகக் கற்கைகள் படித்தவள் என்ற வகையில், ஒரு செய்தியைப் பார்த்தால் அந்தப் பத்திரிகையின் உரிமையாளர் யார் என்று கேட்கும் பழக்கம் எனக்கு இருக்கிறது. ஆனால் பொருளாதாரத்தை எளிமையாக விளக்குகிறோம் என்று வந்தவர்களிடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கணக்கும் வரைபும் இருந்தால் அது விஞ்ஞானம், அதற்குப் பக்கம் இருக்காது என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது. அந்த எண்ணத்தைக் கலைத்தது மார்ட்டினோவின் வாழ்க்கை.

துணி வணிகரின் மகள்

மார்ட்டினோ 1802 ஜூன் 12ஆம் திகதி இங்கிலாந்தின் நோர்விச் நகரில் பிறந்தார். தந்தை தோமஸ் மார்ட்டினோ துணி உற்பத்தியாளர். குடும்பம் யூனிட்டேரியன் என்ற சிறுபான்மைக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. பெண்பிள்ளைகளுக்கும் நல்ல கல்வி கொடுத்த குடும்பம் அது. ஹரியட்டுக்குப் பதின்ம வயதிலேயே செவிப்புலன் குறையத் தொடங்கியது. பின்னர் வாழ்நாள் முழுவதும், பேசுபவரின் வாயருகே நீட்டிக் கேட்கும் குழல் ஒன்றுடனேயே அவர் நடமாடினார்.

1826இல் தந்தை இறந்தார். திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தவர் மனநலம் பாதிக்கப்பட்டு அடுத்த ஆண்டு காலமானார். 1829இல் குடும்பத்தின் முதலீடு முழுவதும் மூழ்கியது. நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு அன்று இருந்த வழி, ஏதாவது வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை. காது கேளாதவருக்கு அதுவும் இல்லை. பகலில் தையல் வேலை செய்தார். இரவில் எழுதினார். சொத்து போனதால்தான் தனக்குச் சுதந்திரம் கிடைத்தது என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

அவருக்குப் பொருளியலை அறிமுகப்படுத்தியது ஜேன் மார்செட் என்ற பெண் 1816இல் எழுதிய நூல். ஒரு ஆசிரியையும் மாணவியும் உரையாடும் வடிவத்தில் அது அமைந்திருந்தது. அதை வாசித்த மார்ட்டினோவுக்கு ஒரு யோசனை வந்தது. உரையாடலாகச் சொல்ல முடிந்ததை ஏன் கதையாகச் சொல்லக்கூடாது? அடம் ஸ்மித், மல்தஸ், ரிக்கார்டோ ஆகியோரின் கோட்பாடுகளை மாதம் ஒரு கதையாக எழுதுவது என்று தீர்மானித்தார்.

1831 டிசம்பரில் லண்டன் பதிப்பகங்களின் படிகளில் அவர் ஏறி இறங்கினார். நாடே தேர்தல் சீர்திருத்தச் சட்டமூலத்தையும் கொலராவையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் யார் பொருளியல் வாசிப்பார்கள் என்று பதிப்பாளர்கள் கையை விரித்தனர். பொருளியலறிஞர் ஜேம்ஸ் மில்லும் இந்தப் பாடத்தைக் கதையாகச் சொல்வது சரிவராது என்றே கருதினார். கடைசியில் சார்ள்ஸ் ஃபொக்ஸ் என்ற பதிப்பாளர் கடுமையான நிபந்தனைகளுடன் சம்மதித்தார்.

முதல் கதை 1832 பெப்ரவரியில் வந்தது. அச்சிட்டது 1,500 பிரதிகள். சில நாட்களிலேயே மீண்டும் அச்சிட வேண்டியிருந்தது. பின்னர் மாதந்தோறும் ஏறத்தாழ 10,000 பிரதிகள் விற்றன. ஒரு பிரதியைப் பலர் கைமாற்றி வாசித்த காலம் அது. பிற்காலத்தில் மகாராணியான விக்டோரியா சிறுமியாக இந்தக் கதைகளை வாசித்தார். அமைச்சர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் மார்ட்டினோவைத் தேடி வந்தனர். 1834 வரை மொத்தம் 25 பகுதிகள் வெளிவந்தன.

முடிவு முதலில், கதை பிறகு

இந்தக் கதைகளை அவர் எப்படி எழுதினார் என்பதைத் தன் சுயசரிதையில் அவரே விபரித்திருக்கிறார். முதலில் அந்த மாதத் தலைப்பில் அறிஞர்கள் எழுதியவற்றை வாசிப்பார். பிறகு கதை கற்பிக்க வேண்டிய கோட்பாடுகளை ஒரு தாளில் சுருக்கமாக எழுதுவார். அதன் பின்னர்தான் ஊரைத் தெரிவுசெய்வார். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் ஒரு பாத்திரத்தைப் படைப்பார். அந்தச் சுருக்கம் நூலில் அச்சாகவும் செய்தது.

இதில் மறைப்பு எதுவும் இல்லை. ஆனால் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நிஜ உலகில் ஒரு கோட்பாடு தவறினால் சம்பவங்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். கதையில் சம்பவங்களை உண்டாக்குவதும் ஆசிரியர்தான். கோட்பாட்டுக்கு எதிராக நடப்பவர் நொந்துபோவார், ஏற்று நடப்பவர் பிழைத்துக்கொள்வார். வாசகருக்கு அது பாடமாகத் தெரியாது, அனுபவமாகத் தெரியும்.

மன்செஸ்டரில் ஒரு வேலைநிறுத்தம் என்ற கதை இதற்கு நல்ல உதாரணம். அதன் நாயகன் வில்லியம் அலன் நேர்மையான தொழிலாளி. விருப்பமில்லாமலே வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குகிறான். மார்ட்டினோ அவனை இழிவுபடுத்தவில்லை. பஞ்சாலைத் தொழிலாளரின் பசியை இரக்கத்துடன் எழுதினார். ஆனால் முடிவில் வேலைநிறுத்தம் தோற்கிறது. எந்த முதலாளியும் அலனுக்கு வேலை கொடுப்பதில்லை. தெருவுக்குத் தண்ணீர் தெளித்தும் கூட்டியும் அவன் பிழைக்கிறான். கதை சொல்லும் பாடம் இது: கூலிக்கென்று ஒதுக்கப்பட்ட மூலதனம் ஓர் அளவுதான், அதைத் தொழிலாளரின் எண்ணிக்கையே பங்கிடுகிறது, ஆகவே ஒன்றுகூடிக் கேட்பதால் கூலி உயராது.

கூலி நிதிக் கோட்பாடு எனப்பட்ட இது அன்று இயற்கை விதிபோலக் கற்பிக்கப்பட்டது. 1869இல் அன்றைய முன்னணிப் பொருளியலறிஞர் ஜோன் ஸ்டூவர்ட் மில் அதைப் பகிரங்கமாகக் கைவிட்டார். அப்போது மார்ட்டினோ உயிருடன் இருந்தார். கோட்பாடு போனது. ஆனால் 37 ஆண்டுகளாக அந்தக் கதையை வாசித்தவர்களின் மனதில் அலன் தெருக்கூட்டிக்கொண்டுதான் இருந்தான்.

இதே மில் 1833இலேயே தன் நண்பரான கார்லைலுக்கு எழுதிய கடிதத்தில் மார்ட்டினோவைக் குறைகூறியிருந்தார். அரசு தலையிடாக் கொள்கையை அதன் கடைசி எல்லைவரை இழுத்துச் சென்று அவர் அபத்தமாக்கிவிடுகிறார் என்பது அவரது கருத்து. அது பொருளியலுக்கு உள்ளிருந்து வந்த விமர்சனம். வெளியில் வந்த தாக்குதல் வேறு வகை. குவாட்டர்லி ரிவியூ என்ற பழமைவாதச் சஞ்சிகை, மணமாகாத பெண் ஒருவர் சனத்தொகைக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதுவதா என்று ஏளனம் செய்தது. தர்க்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எழுதியவர் யார் என்பது மட்டும் பேசப்பட்டது. ஒரு மூலத்தின் சாய்வைக் கேள்வி கேட்பதும், எழுதியவரை அவமதிப்பதும் ஒன்றல்ல.

யார் கேட்டு எழுதியது?

மார்ட்டினோவின் புகழைக் கண்ட புரோம் பிரபு, ஏழைகள் நிவாரணச் சட்டத்தைப் பற்றியும் கதை எழுதும்படி கேட்டார். அவர் அன்றைய அரசாங்கத்தில் உயர் பதவியில் இருந்தவர். அந்தச் சட்டத்தை மாற்ற அரசாங்கம் ஆணைக்குழு ஒன்றை நியமித்திருந்தது. ஆணைக்குழு திரட்டிய சாட்சியங்கள் மார்ட்டினோவுக்குக் கிடைத்தன. நான்கு கதைகள் 1833, 1834இல் வந்தன. நிவாரணம் ஏழையைச் சோம்பேறியாக்குகிறது, உழைப்பவனையும் கெடுக்கிறது என்பதே அவற்றின் சாரம். 1834இல் புதிய சட்டம் நிறைவேறியது. உடல்வலுவுள்ள ஏழைகளுக்கு, கடுமையான ஏழை விடுதிக்குள் சென்றால் மட்டுமே உதவி என்பது அதன் அடிப்படை நோக்கம். 1845இல் அன்டோவர் விடுதியில் பசி தாங்காமல், உரத்துக்காக இடிக்கக் கொடுத்த எலும்புகளில் ஒட்டியிருந்ததை அங்கிருந்தவர்கள் தின்றது அம்பலமானது.

1960களில் மார்க் புளோக் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் அந்த ஆணைக்குழுவின் ஆவணங்களை மறுபடி ஆராய்ந்தார். ஊர்களில் இருந்து வந்த பதில்களை ஆணைக்குழு ஒழுங்காகப் பகுத்தாயவில்லை என்றும், ஏற்கெனவே எடுத்த முடிவுக்குப் பொருந்தும் உதாரணங்களையே முன்வைத்தது என்றும் அவர் காட்டினார். மார்ட்டினோ பொய் எழுதவில்லை. தனக்கு வந்த மூலம் சாய்ந்திருந்ததை அவர் அறியவில்லை. அந்தச் சாய்வு கதை வழியாக வாசகரின் வீட்டுக்குள் போனது.

பணத்துக்காக எழுதியவர் என்று அவரை ஒதுக்கிவிடவும் முடியாது. அரசாங்கம் கொடுக்க முன்வந்த ஓய்வூதியத்தை அவர் ஏற்கவில்லை. வாக்குரிமையில்லாத மக்களும் கட்டுகிற வரிப்பணத்தில் வாழ்ந்தால் தன் சுதந்திரம் போய்விடும் என்று கருதினார். டெமராரா என்ற கதையில் அடிமைமுறையைக் கண்டித்தார். 1834 முதல் 1836 வரை அமெரிக்காவில் பயணம் செய்தபோது, அடிமை ஒழிப்பாளர்களின் கூட்டத்தில் பகிரங்கமாகப் பேசி மிரட்டல்களைச் சந்தித்தார். போலந்து நாட்டவர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டதைப் பற்றி அவர் எழுதிய கதைக்காக ரஷ்யப் பேரரசர் அவரது நூல்களைத் தடைசெய்தார். அவர் விலைபோனவர் அல்ல. அவர் எழுதியதை உண்மையாகவே நம்பினார். நம்பிக்கையால் வரும் சாய்வு கூலிக்கு எழுதும் சாய்வை விடக் கண்டுபிடிக்கக் கடினமானது. பேசுபவரின் குரலில் எந்தத் தயக்கமும் இருக்காது.

அரிப்பில் இருந்து மாத்தளை வரை

இனி இலங்கைக் கதைக்குத் திரும்பலாம். ஏகபோகத்தைப் பற்றி மார்ட்டினோ சொன்னது சரி. மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கடற்கரையில் முத்துக்குளிப்பு அரசாங்கத்தின் கையில் இருந்தது. தெற்கே கறுவா உரிக்கும் வேலை சலாகம சாதியினர் மீது கட்டாயச் சேவையாகச் சுமத்தப்பட்டிருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவும் கறுவா ஏகபோகத்தை நீக்கும்படி பரிந்துரைத்தது. 1832இல் இராஜகாரிய முறை ஒழிந்தது. 1833இல், அவரது கதை வெளிவந்த அதே ஆண்டில், கறுவா ஏகபோகமும் முடிவுக்கு வந்தது.

கதையின்படி பார்த்தால் அதன் பிறகு ராயோவும் மரானாவும் நிமிர்ந்திருக்க வேண்டும். வரலாறு வேறு வழியில் போனது. தடை நீங்கிய சந்தைக்குள் நுழைய மூலதனம் வேண்டும், நிலம் வேண்டும். அரசாங்கம் மலைநாட்டு நிலத்தை ஏக்கர் 5 சிலிங் என்ற விலைக்கு விற்றது. வாங்கியவர்களில் காலனித்துவ உயர் அதிகாரிகளும் இருந்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத காட்டு நிலங்களும் தரிசு நிலங்களும் முடிக்குரியவை என்று கருத வழிசெய்தது. உறுதிப்பத்திரம் என்ற பழக்கமே இல்லாத கிராமங்களுக்கு அதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அந்த நிலத்தில் கோப்பி வந்தது. கோப்பியைப் பறிக்கத் தென்னிந்தியாவில் இருந்து தமிழ்த் தொழிலாளர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி அவர்கள் நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மலையக மக்களின் வரலாறு தொடங்கும் பாதை அது. ஏகபோகம் ஒழிந்தபின் சுதந்திரச் சந்தையில் நடந்தது இது.

ஆகவே மார்ட்டினோவின் கதையில் பிழை அவர் சொன்னதில் இல்லை. அவர் கேட்காத கேள்வியில் இருக்கிறது. விற்கும் உரிமை யாருக்கு என்று கேட்டார், நிலம் யாருக்கு என்று கேட்கவில்லை. அவர் கற்ற பொருளியலில் அந்தக் கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தது. சாய்வான மூலம் என்றவுடன் நாங்கள் பொய்யான புள்ளிவிபரத்தைத் தேடுகிறோம். புள்ளிவிபரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எந்தக் கேள்வியோடு பாடம் முடிகிறது என்பதில்தான் பக்கம் தெரியும்.

தன் பாடத்தைத் தானே சந்தேகித்தவர்

1855இல் மருத்துவர்கள் சொன்னதை வைத்து, தான் விரைவில் இறந்துவிடுவேன் என்று மார்ட்டினோ நம்பினார். அம்பிள்சைட் கிராமத்தில், தான் கட்டிய வீட்டில் இருந்து அவசரமாகச் சுயசரிதையை எழுதினார். அதில் தன்னைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன கதைகளைத் திரும்பிப் பார்த்தார். தான் கற்பித்த அரசியல் பொருளாதாரம் கண்டிப்பான பொருளில் ஒரு விஞ்ஞானமே அல்ல என்றும், அதன் பல பகுதிகள் அடியோடு மாறவேண்டியவை என்றும் ஒப்புக்கொண்டார். தனக்குப் பெயரும் பணமும் தந்த பாடத்தைப் பற்றி இப்படி எழுதிய ஆசிரியர்கள் அரிது.

ஆனால் அதே 1855இல் அவர் இன்னொன்றும் எழுதினார். ஆலைகளில் சுழலும் இயந்திரத் தண்டுகளுக்குப் பாதுகாப்பு வேலி போடவேண்டும் என்ற சட்டத்தை முதலாளிகள் எதிர்த்துக்கொண்டிருந்தனர். அந்தத் தண்டுகளில் சிக்கித் தொழிலாளர் கையிழந்ததையும் உயிரிழந்ததையும் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய சஞ்சிகை தொடர்ந்து வெளியிட்டது. மார்ட்டினோ முதலாளிகளின் பக்கம் நின்றார். விபத்துக்கள் குறைவு, பல தொழிலாளரின் கவனக்குறைவால் நேர்பவை, சட்டம் இதில் தலையிடக்கூடாது என்று வாதிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் ரிவியூ சஞ்சிகை அக்கட்டுரையை வெளியிடவில்லை. ஆலை உரிமையாளர்களின் சங்கமே அதைத் துண்டுப்பிரசுரமாக வெளியிட்டது.

ஒரே ஆண்டில் ஒரே மேசையில் இரண்டும் எழுதப்பட்டன. கோட்பாட்டில் வந்த சந்தேகம், இயந்திரத்தில் சிக்கிய கையைப் பார்க்கும் கண்ணுக்கு வரவில்லை. இதை அவரது நேர்மையின்மை என்று நான் வாசிக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கண்ணாடியால் உலகத்தைப் பார்த்தவருக்கு, அது பழுது என்று தெரிந்த பிறகும் அதைக் கழற்ற முடியவில்லை.

அவர் அன்று இறக்கவில்லை. மேலும் 21 ஆண்டுகள் வாழ்ந்தார். டெய்லி நியூஸ் பத்திரிகைக்கு 1852 முதல் 1866 வரை 1,600க்கு மேற்பட்ட ஆசிரிய தலையங்கங்களை எழுதினார். பெண்களை அவமானப்படுத்திய தொற்றுநோய்ச் சட்டங்களுக்கு எதிராக முதுமையிலும் போராடினார். 1876 ஜூன் 27ஆம் திகதி காலமானார். அவரது மரணச் செய்தியை அவரே முன்கூட்டி எழுதி டெய்லி நியூஸுக்குக் கொடுத்திருந்தார். அதில் தன்னைப் பெரிதுபடுத்தவில்லை. புதிதாக எதையும் கண்டுபிடிக்கும் ஆற்றல் தனக்கு இல்லை, பிறர் கண்டதை மக்களுக்கு விளங்கச் சொல்ல மட்டுமே முடிந்தது என்று மதிப்பிட்டிருந்தார்.

அந்த மதிப்பீடு, பொருளியலை விளங்கச் சொல்லும் எல்லோருக்கும் பொருந்தும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உதவித் திட்டத்துக்கு அனுமதி அளித்ததில் இருந்து, இதை விட வேறு வழியில்லை என்று விளக்குபவர்களையும், எல்லாம் வெளிநாட்டுச் சதி என்று விளக்குபவர்களையும் நாங்கள் மாறி மாறிக் கேட்கிறோம். உயர்தரப் பொருளியல் மாணவர்கள் ரியூசன் குறிப்புகளில் கேள்வி வரைபுகளை மனனம் செய்கிறார்கள். எல்லோரும் யாரோ கண்டதை எங்களுக்குச் சொல்கிறார்கள். யார் கண்டது, யாருடைய பதில்கள் எண்ணப்படவில்லை, யார் இதை அச்சிட விரும்பினார்கள் என்று கேட்பது அவர்களை அவமதிப்பதாகாது. இரு பக்கத்தாரிடமும் அதைக் கேட்கவேண்டும், எங்களுக்குப் பிடித்தவரிடம் முதலில் கேட்கவேண்டும்.

மின்கட்டணம் பற்றி ஒருவர் விளக்கும்போது நான் இப்போது அந்தச் சோடியை நினைத்துக்கொள்கிறேன். அவர் சொல்லும் தீர்வு வந்த அடுத்த நாள், ராயோவும் மரானாவும் எந்த நிலத்தில் நிற்பார்கள் என்று பார்க்கிறேன். அதற்கு அவரிடம் பதில் இருந்தால் தொடர்ந்து கேட்கிறேன்.